ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வரும் வீட்டில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

மண்டபத்து மருமகள் | மார்ச் 4, இரவு 11.40

எல்லாருக்கும் வணக்கம். இதுவரை இங்கே கருவாட்டுக் குழம்பு, பிளவுஸ் அளவு என்றுதான் எழுதியிருக்கிறேன். இன்றைக்குக் கேட்பது வேறு.

நான் பிறந்தது முதுகுளத்தூர் பக்கம், முண்டு மிளகாய் போடுகிற குடும்பம். பதினாறு வருஷம் முன்னால் மண்டபத்துக்கு மருமகளாக வந்த பிறகுதான் கடலைப் பக்கத்தில் பார்த்தேன். வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். தை மாதம் கடலில் வலையை இழுத்து வாங்கும்போது, விஞ்சில் (வலை இழுக்கிற எந்திரம்) ரோப்போடு சேர்ந்து அவருடைய வலது கை உள்ளே போய்விட்டது. மோதிர விரலும் சுண்டு விரலும் போச்சு. நடுவிரல் இருக்கிறது, மடங்காது. இதில் யார் மேலும் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அலை தூக்கிப் போட்டது, கால் வழுக்கியது.

வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. பணக் கஷ்டத்தைப் பற்றி இங்கே கேட்கவில்லை, அது தனிக்கதை. எனக்குப் புரியாதது, நாள் எப்படி இப்படிக் கரைந்து போகிறது என்பதுதான். முன்பெல்லாம் கடலுக்குப் போக டோக்கன் வாங்குகிற நாள், கரை திரும்பும் நாள், மீன் பிரிக்கிற நேரம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று ஒன்று முடிவதற்குள் இன்னொன்று வந்து நிற்கும். இப்போது அவர் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். கடலில் வலை வாங்குகிற நேரம் அது, உடம்பு மறக்கவில்லை. அவர் எழுந்தால் எனக்கும் தூக்கம் போய்விடும். விடியற்காலையில் இருவரும் அசந்து தூங்கி, மகன் பள்ளி வேனை விட்டு, பத்து மணிக்கு மேல் பால் வாங்கி… நேற்று நான் பல் விளக்கியது சாயங்காலம் நாலு மணிக்கு. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நானும் சும்மா இருக்கவில்லை. டைரி வாங்கினேன். ஐந்து மணிக்கு எழுந்து யோகா, ஐந்தரைக்கு நடை, ஆறு மணிக்கு மிஷினில் உட்காருவது (ஜாக்கெட் தைப்பேன்) என்று கோடு போட்டு எழுதினேன். நாலு நாள் நடந்தது. ஐந்தாம் நாள் அவர் வலியில் கத்தினார், அன்றோடு சரி. டைரியில் இப்போது மகன் படகு வரைகிறான்.

என் அப்பா ஞாபகம் வருகிறது. மழையே இல்லாத வருஷத்திலும், சாயங்காலமானால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்க்கரை வரை போய்விட்டு வருவார். அங்கே பார்க்க என்ன இருக்கிறது, வெடித்துக் கிடக்கிற தரைதானே என்று நாங்கள் கேலி செய்வோம். கேலி செய்தவளுக்கு இப்போதுதான் தெரிகிறது, அவர் கையில் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. அது என்ன என்று அவரிடம் கேட்க வழியில்லை, அவர் போய் ஒன்பது வருஷம்.

ஏப்ரல் 15 வந்தால் மீன்பிடித் தடைக்காலம். ஊரே 61 நாள் கரையில் உட்காரும், தெருவில் எல்லா ஆம்பிளைகளும் இருப்பார்கள், இவருக்கு இன்னும் கஷ்டம். அதற்குள் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். கெட்ட காலத்தில் உங்களை நகர்த்திக்கொண்டு போன அன்றாடப் பழக்கம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். கடவுளை நம்பு, பாசிட்டிவாக இரு என்று மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம். அதைச் சொல்ல வீட்டில் மாமியார் இருக்கிறார்.

பரமக்குடி வாத்தியார் (ஓய்வு) | மார்ச் 5, காலை 6.10

சகோதரிக்கு வணக்கம். தங்கள் நிலை அறிந்து வருந்துகிறேன். முப்பத்து நான்கு ஆண்டு ஆசிரியப் பணியில் நான் கண்டது, ஒழுங்கு ஒன்றே துணை. பிரம்ம முகூர்த்தத்தில் எழுதல், குளிர்ந்த நீரில் குளியல், அரை மணி நடை, செய்தித்தாள் வாசிப்பு, இரவு ஒன்பதுக்கு உறக்கம். இவற்றை 21 நாள் இடைவிடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்பது விஞ்ஞானம். ஒரு நாள் விட்டாலும் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். டைரியைக் குழந்தையிடமிருந்து வாங்கிவிடுங்கள்.

மண்டபத்து மருமகள் | மார்ச் 5, பகல் 1.25

நன்றி ஐயா. ஒரு நாள் விட்டால் முதலிலிருந்து என்றால் எங்கள் வீட்டில் ஒன்றைத் தாண்டி எண்ணவே முடியாது. டைரி அவனிடமே இருக்கட்டும், படகு நன்றாக வரைகிறான்.

சின்னப்பாலத்துக் கிழவி | மார்ச் 5, இரவு 8.50

தாயி, நான் போனில் பேசப் பேச அதுவே எழுதுகிறது. தப்பாக விழுந்தால் பேரன் திருத்துவான். எனக்கு வயது 61. பாம்பன் சின்னப்பாலம். பத்து வயசிலிருந்து கடலில் பாசி எடுக்கிறேன். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரைப் பாசி எல்லாம் எடுத்திருக்கிறேன். இப்போது முட்டி வலி, குறைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் வாடைக் காற்றில் வத்தையில் (சின்னப் படகு) போனவர். மூன்றாம் நாள் உடம்பு ஒதுங்கியது. அது ஆகிப் பத்தொன்பது வருஷம். கடைசிப் பிள்ளைக்கு அப்போது ஐந்து வயசு. அதை நீட்டிச் சொல்ல இப்போது வேண்டாம்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பின பிறகு நான் வாசல் தாண்டவில்லை. தலை வாரவில்லை. பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வரும். ஒரு அமாவாசை கழிந்தது, ஒரு பௌர்ணமி கழிந்தது. பாசிக்குப் போகிறவர்களுக்கு அதுதான் கணக்கு. அமாவாசையை ஒட்டிக் கொஞ்ச நாள், பௌர்ணமியை ஒட்டிக் கொஞ்ச நாள், தண்ணீர் நன்றாக வற்றும்போதுதான் பாறைக்குப் போக முடியும். மாதத்தில் பன்னிரண்டு நாள் வந்தால் உண்டு.

அடுத்த அமாவாசைக்கு முந்தின சாயங்காலம் என் மதினி வந்தாள். "வா" என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். என் கொடியில் கிடந்த பழைய சேலையை எடுத்தாள், ஓரத்தைப் பல்லால் கடித்து, இரண்டு விரல் அகலத்துக்கு நாடா நாடாவாகக் கிழித்தாள். நூல் சேலை, கிழிகிற சத்தம் எனக்கு இப்போதும் கேட்கும். பத்து நாடா கிழித்துச் சுருட்டி, என் முக்குளிக்கிற கண்ணாடியோடு வாளியில் போட்டு, வாளியை நிலைப்படிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான்.

பாறையில் பாசி பிடுங்கும்போது விரல் அறுபடாமல் இருக்கச் சுற்றுகிற துணி அது. இப்போதைய பிள்ளைகள் கையுறை போடுகிறார்கள். எனக்கு அது ஒத்துவராது, எது பாசி எது கல் என்று கைக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் அந்த வாளி நிலைப்படியில் தட்டியது. நான் எழுந்து வெளியே போக, கால் அதில் இடித்துவிட்டது. எடுத்து ஓரமாக வைக்கக் குனிந்தவள் அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டேன். வத்தையில் ஏறின பிறகுதான் தலை வாராமல் வந்தது தெரிந்தது. அன்றைக்கு நான் எடுத்தது அரைச் சாக்குகூட இருக்காது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இடது கைக்கு நானே சுற்றிக்கொண்டேன். பல்லால் கடித்து முடிச்சும் போடலாம். ஆனால் சுற்றின கையால் மற்ற கைக்குச் சுற்ற முடியாது தாயி, துணி வழுக்கும். அதற்கு இன்னொருத்தி வேண்டும். மதினி சுற்றிவிட்டாள், நான் அவளுக்குச் சுற்றிவிட்டேன். இது வேதாந்தம் இல்லை, முடிச்சு விழாது, அதைச் சொல்கிறேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு பழக்கம். ராத்திரி படுக்கும் முன் துணி கிழித்து வாளியில் போட்டு நிலைப்படியில் வைப்பது. தண்ணீர் வற்றாத நாளுக்கும் வைத்தேன். காய்ச்சலில் கிடந்த நாளுக்கும் வைத்தேன். அடுத்த நாள் போனேனா இல்லையா என்பது வேறு கணக்கு, அதை நான் எண்ணவில்லை. போக முடியாத நாளில் அந்தத் துணியை எடுத்து அடுப்பில் பாத்திரம் இறக்கினேன்.

நீ காலை ஐந்து மணிக்கு எழுதி வைத்தது எல்லாம் நாளைக்கு இருக்கப்போகிற உன்னைப் பார்த்து எழுதினது. நாளைக்கு நீ எப்படி எழுந்திருப்பாய் என்று உனக்கே தெரியாது. ராத்திரி நீ இருக்கிறாய், கை இருக்கிறது. நாளைக்கு வேலையின் முதல் முடிச்சை இன்றைக்கே போட்டு, கால் இடிக்கிற இடத்தில் வை.

இன்னொன்று. தனியாகச் சாப்பிடாதே. நான் ஒரு வருஷம் மதினி வீட்டுத் திண்ணையில்தான் மத்தியானக் கஞ்சி குடித்தேன். என் கஞ்சியை நானே தூக்கிக்கொண்டு போவேன், அவளுக்குச் செலவில்லை. கூட ஒரு சுட்ட கருவாடு. பேசினோம் என்றும் இல்லை. அவள் பார்க்கிறாள் என்பதற்காக நாலு வாய் உள்ளே போகும்.

பேரன் போன் கேட்கிறான். வைக்கிறேன்.

டீசல் அண்ணன் | மார்ச் 6, காலை 9.15

பெரியம்மா சொன்னது சரிதான், ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். வட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது துணி கிழிப்பதும் கையில் சுற்றுவதும் எங்கே? பழக்கம் என்பதெல்லாம் வயிறு நிறைந்தவன் பேச்சு என்று நினைத்தவன் நான்.

என் கதை வேறு மாதிரி. முதல் இரண்டு தடைக்காலமும் குடியில் போனது. ஜூன் 15 கடலுக்குப் போகும்போது கையில் நடுக்கம், கடன் வேறு. மூன்றாவது வருஷம், கரையில் ஏற்றிப் போட்டிருந்த படகில் பெயிண்ட் சுரண்ட ஆள் வேண்டும் என்றார்கள். என் படகுகூட இல்லை. காலை ஏழு மணிக்குப் போனால் பதினொரு மணிக்கு வெயில் ஏறிவிடும், வந்துவிடுவேன். கூலி பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஏழு மணிக்கு நிற்க வேண்டுமென்றால் முந்தின ராத்திரி குடிக்க முடியாது, குடித்தால் அந்தத் துரு வாடைக்கே குமட்டும். குடியை விட்டேன் என்று சொல்ல மாட்டேன். சுரண்டப் போனேன், அது குறைந்தது. கடன் அப்படியேதான் இருந்தது. ஆனால் வட்டிக்காரன் முன்னால் நிதானமாக நின்று பேச முடிந்தது, இரண்டு தவணையாகக் கேட்டு வாங்கினேன்.

அண்ணனுக்குக் கை குணமானதும் என்னிடம் அனுப்புங்கள். சுரண்டுவதற்கு இடது கை போதும்.

வார்டு நம்பர் நாலு | மார்ச் 6, இரவு 10.30

அக்கா, நான் நர்ஸ். கீழக்கரைக்காரி. எலும்பு வார்டிலும் இருந்திருக்கிறேன், மனநலப் பிரிவிலும் கொஞ்ச காலம் இருந்தேன். அதனால் இரண்டு பக்கமும் பார்த்துச் சொல்கிறேன்.

முதலில் வாத்தியார் ஐயாவுக்கு. அந்த 21 நாள் கணக்கு ஆய்விலிருந்து வந்ததில்லை ஐயா. 1960இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன், முகம் மாறினவர்களுக்கும் உறுப்பு இழந்தவர்களுக்கும் புது உருவம் மனசில் படியக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று தான் கவனித்ததை எழுதினார். ஊர் சுற்றி வந்தபோது 'குறைந்தது' என்ற சொல் உதிர்ந்துவிட்டது. உண்மையிலேயே எண்ணிப் பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் கூட இருந்தவர்களும். 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010இல் வெளியிட்டார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் மாதிரி சின்னச் சின்ன விஷயங்கள்தான். நினைக்காமலே தானாக நடக்கிற நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை கணக்கு போனது (12 வாரத்தைத் தாண்டினது கணித்துச் சொன்னது). நடுவில் ஒரு நாள் விட்டவர்களுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆகவே அக்கா, முதலிலிருந்து எண்ண வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

தடைக்காலம் 61 நாள் என்பதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அரசாங்கமே கிட்டத்தட்ட அளவெடுத்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

அடுத்தது, பெரியம்மா சொன்னது. எங்களுக்கு வகுப்பில் அதைத்தான் வேறு வார்த்தையில் சொல்லிக்கொடுத்தார்கள். மனசு தெளிந்தால் வேலை செய்யலாம் என்று காத்திருந்தால் மனசு தெளிவதில்லை. அசையாமல் இருக்க இருக்க, நல்லதாக ஒன்று நடக்கிற வாய்ப்பும் குறைகிறது, அதனால் இன்னும் சோர்வு, அதனால் இன்னும் அசையாமை. பீட்டர் லூயின்சன் என்பவர் 1970களிலேயே இதை எழுதினார். அதிலிருந்து வந்த சிகிச்சையில் முதல் வேலையே, நோயாளியோடு உட்கார்ந்து, மனசு எப்படி இருந்தாலும் செய்யக்கூடிய அளவுக்கு ஒரு செயலைச் சின்னதாக்குவது. அதைத் தானாக வருகிற ஒன்றோடு கட்டிப்போடுவது நல்லது, மணியோடு கட்டினால் நிற்காது. உங்கள் வீட்டில் தானாக வருவது என்ன? வேன் வருகிறது, பாங்கு சத்தமோ கோவில் மணியோ கேட்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. அதில் ஒன்றைப் பிடியுங்கள்.

கைப் பயிற்சியும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி சொல்லிக்கொடுத்திருப்பார்கள், நிறையப் பேர் வீட்டில் செய்வதில்லை. செய்யாவிட்டால் மீதி விரல்களும் விறைத்துப்போகும். "தினமும் மூன்று வேளை" என்றால் மறந்துபோகும். "கஞ்சி குடித்துக் கை கழுவினதும்" என்றால் ஞாபகம் இருக்கும்.

தூக்கம் பற்றி. இரண்டு மணிக்கு விழிப்பு வருவதை நோய் மாதிரிப் பார்க்காதீர்கள், இத்தனை வருஷ வேலை நேரம் அது. படுக்கையில் புரண்டுகொண்டே கிடப்பதைவிட, எழுந்து மங்கலான வெளிச்சத்தில் ஏதாவது சின்ன வேலை பார்க்கலாம். போன் வேண்டாம். முந்தின ராத்திரி எப்படிப் போனாலும் காலையில் எழுகிற நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். எழுந்ததும் பத்து நிமிஷம் வாசல் வெளிச்சத்தில் உட்காரட்டும்.

கடைசியாக, இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பழக்கத்தால் எல்லாம் சரியாகிவிடாது. அவர் சாப்பாட்டை ஒதுக்கினால், யாரோடும் பேசாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், "நான் எதற்கு இருக்கிறேன்" என்ற பேச்சு ஒரு தடவை வந்தாலும், டாக்டரிடம் போக வேண்டும். உங்களுக்கும் அதே சட்டம்தான். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழில் பேசுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். மாமியார் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகலாம் என்றால் போங்கள், நானே போகிறவள்தான். ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அங்கே நடந்த தீ விபத்தில், சங்கிலியில் கட்டி வைத்திருந்த 28 பேர் செத்ததையும் இந்த மாவட்டம் மறக்கக் கூடாது. இப்போது அங்கேயே துவாவோடு (பிரார்த்தனை) மருந்தும் கொடுக்க அரசு ஏற்பாடு இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே வையுங்கள்.

சங்கத்து எழுத்தர் | மார்ச் 7, பகல் 12.05

நான் காகிதக்காரன், காகிதம் பற்றித்தான் சொல்வேன். மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம் இருக்கிறது. உங்கள் கேஸுக்கு எது பொருந்தும் என்பது மருத்துவச் சான்றைப் பார்த்துத்தான் தெரியும். மனுப் போடாமல் விட்டுவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, மருந்துக்கடை ரசீது எதையும் தூக்கி எறிய வேண்டாம்.

இங்கே வருகிற பெண்கள் எல்லாக் காகிதத்தையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்து, ஒரு ஜெராக்ஸ் இல்லாமல் திரும்பி, அழுதுகொண்டே போய், பிறகு வருவதே இல்லை. வாரத்தில் ஒரு நாள் வையுங்கள், செவ்வாய் என்று வையுங்கள். செவ்வாய்க்கு ஒரே ஒரு காகிதம். எல்லாவற்றையும் ஒரே மஞ்சள் பைக்குள் போடுங்கள்.

சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் இருக்கிறீர்களா? எட்டு மாதம் 175 ரூபாய், ஒன்பதாம் மாதம் 100, மொத்தம் 1,500 நாம் கட்டினால், மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500 சேர்ந்து 4,500 ஆக, மீன் வரத்துக் குறைந்த மாதங்களில் வரும். பெண்களுக்கும் உண்டு. பெரிய தொகை இல்லைதான். ஆனால் மாதா மாதம் கட்டிய பழக்கம் உள்ள வீடு, கந்துக்காரனிடம் போவது கொஞ்சம் தாமதமாகும் என்பதை இந்த மேசையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

மண்டபத்து மருமகள் | ஜூன் 16, இரவு 9.55

மூன்று மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத நினைத்து நினைத்தே தள்ளிப்போய்விட்டது.

நேற்றுப் படகுகள் கடலுக்குப் போயின. காலையில் டோக்கன் வாங்குகிற கூட்டம், ஐஸ் வண்டி, சாமி கும்பிட்டுத் தேங்காய் உடைக்கிற சத்தம். அவர் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மத்தியானம் சாப்பிடவில்லை.

பெரியம்மா, உங்கள் வாளியை நான் மிஷினாக்கிக்கொண்டேன். ராத்திரி படுக்கும் முன், மறுநாள் தைக்க வேண்டிய துணியின் நிறத்தில் நூல் எடுத்து ஊசியில் கோத்து, துணியை மிஷின் பாதத்துக்கு அடியில் வைத்து இறக்கிவிடுவேன். அதற்கு மேல் ஒன்றுமில்லை. மிஷினையும் உள்ளறையிலிருந்து தூக்கி வந்து அடுப்படிக்குப் போகிற வழியில் போட்டுவிட்டேன், மாமியார் ஒரு வாரம் முணுமுணுத்தார். காலையில் பால் காய்வதற்குள் ஒரு பக்கத் தையல் ஓடிவிடும். ஓடாத நாளும் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் ஒன்பது நாள் தொடர்ந்து மிஷின் பக்கமே உட்காரவில்லை, ஆனால் நூல் மட்டும் கோத்தேன். அந்த ஒன்பது நாளும் அதே பச்சை நூல். பத்தாம் நாள் அந்தப் பச்சை ஜாக்கெட்டைத் தைத்துக் கொடுத்தபோது அந்த அக்கா, ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டுத் திட்டினார்கள். திட்டு வாங்கினது நல்லாவே இருந்தது.

நடை, யோகா எதுவும் நடக்கவில்லை வாத்தியார் ஐயா. தினமும் செய்தித்தாள் மட்டும் டீக்கடையிலிருந்து மகன் பழையதை வாங்கி வருகிறான், பேப்பர் கட்டிங் வெட்ட.

இவர் விஷயம். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் விடிவதற்கு முன்னால் விடுவார்கள், மூன்று மணி, மூன்றரை என்று நேரம் முன்னே பின்னே இருக்கும். குடம் வைக்கிற இரும்புத் தள்ளுவண்டியோடு நான்தான் போவேன். நர்ஸ் தங்கச்சி தானாக வருவதைப் பிடி என்று எழுதினதை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், எழ முடியவில்லை. இரண்டு மணிக்கே முழித்து உட்கார்ந்திருந்தவர், சத்தமில்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். ஆம்பிளை குடம் வண்டி தள்ளுவதைப் பார்த்துக் குழாயடியில் ஒரே சிரிப்பாம். ஆறு குடத்தில் நாலு குடம்தான் நிறைத்தார், அதிலும் ஒன்று வழியில் கவிழ்ந்தது. இடது கையால் தள்ளி, வலது மணிக்கட்டை மேலே அமுக்கிக்கொள்கிறார். அன்றிலிருந்து அது அவர் வேலை. இப்போது குழாயடியில் முதல் ஆளாக வரிசையில் இடம் பிடித்து, வயசான இரண்டு பேருக்கும் தண்ணீர் பிடித்துக் கொடுக்கிறாராம். பஞ்சாயத்துக் குழாய் எத்தனை மணிக்கு வரும் என்று தெருவே இவரிடம் கேட்கிறது. தண்ணீர் இறக்கி வைத்துவிட்டு வந்து படுத்தால் ஆறரை வரை தூங்குகிறார்.

டீசல் அண்ணன், உங்களிடம் அனுப்பினேன், பத்து நாள் வந்தாரே. ஒரு நாள் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார் என்று நீங்கள் கொண்டுவந்து விட்டதை அவர் என்னிடம் சொல்லவில்லை, தெருதான் சொன்னது.

செவ்வாய்க்கிழமைக் காகிதம் எட்டு செவ்வாய் ஆகிவிட்டது. மஞ்சள் பை கனத்துவிட்டது, பணம் இன்னும் வரவில்லை. இரண்டு செவ்வாய் ஆபீஸ் லீவு என்பதை வாசலில் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

14416க்கு நான்தான் கூப்பிட்டேன், மே மாதம் ஒரு ராத்திரி, அவர் குழாயடிக்குப் போயிருந்த நேரம். என்ன பேசினேன் என்பதை எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். எடுத்தார்கள். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கும் போனோம், இரண்டு பேருமே.

வலை பொத்த (கிழிந்த இடத்தைப் பின்ன) பழகுகிறார். ஊசி இடது கையில். கண்ணி அளவு பிடிக்க வலது கைக்குப் பதில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. அதனால் சாயங்காலம் ஒரு முக்கால் மணி நேரம் நான் எதிரில் உட்கார்ந்து வலையை இழுத்துப் பிடித்துக்கொள்கிறேன். முதல் வாரம் போட்ட முடிச்செல்லாம் மகள் அவிழ்த்துவிட்டாள், அவ்வளவு கோணல். பெரியம்மா, நீங்கள் சொன்ன இரண்டாவது கைதான் அது என்று முடிச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது.

சின்னப்பாலத்துக் கிழவி | ஜூன் 16, இரவு 10.20

கோணல் முடிச்சு மீனுக்குத் தெரியாது தாயி. வலையை ரொம்ப இறுக்கிப் பிடிக்காதே, கண்ணி சின்னதாகிவிடும். மத்தியானக் கஞ்சி யாரோடு குடிக்கிறாய்? அதை எழுதவே இல்லையே. நாளைக்கு என்ன நூல்?

மண்டபத்து மருமகள் | ஜூன் 16, இரவு 10.26

மாமியாரோடு. முணுமுணுத்துக்கொண்டேதான் சாப்பிடுகிறார், நானும்.

ஊதா. ஸ்கூல் யூனிபார்ம், நாலு செட். கோத்தாச்சு.